செவியின் மறைபொருள் கண்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ்

ஐம்பொறிகளுள் கண்ணுக்கு அடுத்தபடியாக நமக்கு உற்ற துணையாய் நிற்பது செவி. கண்ணாற் காணும் பொருள்களை ஆராய்ந்து புகழெய்திய அறிஞர் பலராவர். செவியால் நுகரும் இசையை அளந்து, அது தரும் இன்பத்துக்குக் காரணம் யாதென வினவியவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைமை சான்றவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார். வைத்தியராய்த் தொழில் தொடங்கி, உடலியல் ஆசிரியராய் உயர்ந்து, பௌதிகப் பேராசிரியராய் நிறைவெய்திய இப்பெரியாரின் புகழ் பல துறைகளிற் பரந்து கிடக்கின்றது. சக்தி அழியாமைக் கொள்கையை நிலைநாட்டியோருள் இவர் ஒருவர். உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை இயற்றியவரும் இவரே. அவருடைய பெருமை முழுவதையும் ஒரு கட்டுரையுள் அடக்குதல் இயலாது. இசைவாணரின் செவியுணர்வைப் பற்றியும், பியானோவுக்குச் சுருதி கூட்டும் முறையைப் பற்றியும் அவர் கண்ட உண்மைகளையும், அவற்றிலிருந்து எழுந்த ஒரு வழக்கையும், அவ்வழக்கு அவர் விரும்பியவாறு முடியாமற் போனதையும் அவர் வாழ்க்கையோடு இயைத்துக் கூறுவதே எம் நோக்கமாகும்.

இளமைப் பருவம்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், பெர்லின் நகருக்கு அணித்தான போட்ஸ்டாம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர் உயர்தரப் பள்ளியில் ஆசிரியர். மொழியிலும் தத்துவத்திலும் வல்லவர். பொருளில் வல்லவர் அல்லர். மகன் இளமையில் நோய்வாய்ப்பட்டுப் பன்னாள் படுக்கையிற் கிடந்தான். மனப்பாடம் செய்வதில் அவனுக்குத் திறமை குறைவு. உருவங்களையும் கருவிகளையும் கண்டறிவதிலோ பேரார்வம்.

பௌதிகம் பயில வேண்டும் என்பதே அவ்விளைஞரின் வேட்கை. ஆனால் பௌதிகம் பயின்றவனுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பது தந்தையின் கவலை. பெர்லினில் அரசாங்கத்தார் நடாத்திய இராணுவ வைத்தியப் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்குக் கல்வி இலவசம். அதற்கு ஈடாகப் பயின்றோர் பல்லாண்டுகள் படையில் வைத்தியராய் ஊழியம் புரிதல் வேண்டும். வேறு வழியின்மையால் 1838-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்நிலையத்திற் சேர்ந்தார். தாம் விரும்பிய கல்வியை விடுத்துக் கிடைத்த கல்வியைக் கைக்கொண்ட மாணவர் நம்மிடையேயும் பலர் உளராகலின், இச்செய்தியை யாம் வற்புறுத்திக் கூறுகின்றேம். கிடைத்ததை அவர் வெறுத்திலர். உடலைப் பற்றிய கல்வியும் பௌதிகமும் ஒருவரிடத்தே ஒன்று கூடியமையாலன்றோ பின்னர் செவியின் மறைபொருள் வெளிப்பட்டது!

பெர்லினுக்குச் செல்லும்போது அவர் தம்முடன் ஒரு பியானோவையும் கொண்டு சென்றார். பகலெல்லாம் விரிவுரைகளும் அறுவைக் கூடமும். ஒழிந்த வேளைகளில் மோட்ஸார்ட், பேதோவன் ஆகியோரின் இசை. அன்று தொடங்கிய அப்பழக்கம் அவர் ஆயுள் முழுதும் நீங்கவில்லை. பின்னாளில் பியானோவின் சுருதியைக் குறை கூறி எழுதியவர் அக்கருவியை அறியாத அயலார் அல்லர். இளமை தொட்டு அதனைக் காதலித்தவரே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும்

யோகான்னஸ் மூல்லர் என்னும் புகழ்பெற்ற உடலியல் ஆசிரியரிடம் பயின்று 1842-இல் வைத்தியப் பட்டம் பெற்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ், மறு ஆண்டு போட்ஸ்டாமிலிருந்த படையில் வைத்தியராக அமர்ந்தார். படைவீரர் குடியிருப்பிலேயே சிறியதோர் ஆராய்ச்சிச்சாலை அமைத்துக்கொண்டார். 1847-இல் சக்தி அழியாமையைப் பற்றிய தம் கட்டுரையைப் பெர்லின் பௌதிகச் சங்கத்திற் படித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்தே. அவருடைய அருந்திறத்தைக் கண்ட அரசாங்கத்தார் படை ஊழியத்தின் எஞ்சிய காலத்தை நீக்கி அவரை விடுவித்தனர்.

1849-இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே ஓல்கா என்னும் நங்கையை மணந்தார். தவளையின் நரம்பிற் செய்தி ஓடும் வேகத்தை அளந்து, அது விநாடிக்கு ஏறத்தாழ முப்பது மீட்டரே எனக் காட்டினார். மின்னலையொத்த வேகம் என்று அதுகாறும் எண்ணியிருந்தோர் வியப்புற்றனர். 1851-இல் கண்ணோக்குக் கருவியைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஐரோப்பா முழுதும் அவர் பெயர் பரவிற்று.

கோனிக்ஸ்பெர்க்கின் கடுங்குளிர் மனைவியாரின் உடல்நலத்தைக் குலைத்தது. ஆகவே 1855-இல் தட்பவெப்பம் மென்மையான பான் நகருக்கு மாறினார். பேதோவன் பிறந்த ஊர் அதுவே. அவ்வூரிலேயே 1857-இல் இசையின் இனிமைக்குரிய உடலியற் காரணங்களைக் குறித்துப் பொதுமக்களுக்கு விரிவுரை நிகழ்த்தினார். இசைமேதையின் பிறப்பிடத்தில் இசையின் காரணத்தை ஓர் உடலியல் ஆசிரியர் விளக்கியது பொருத்தமே. மறு ஆண்டு ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1859-ஆம் ஆண்டு அவருக்குத் துயர ஆண்டாய் அமைந்தது. அவ்வாண்டின் இடையில் தந்தையாரும், இறுதியில் மனைவியாரும் மறைந்தனர். இரண்டு குழந்தைகளோடு தனித்து நின்ற அவர், சிறிது காலம் கல்வியிலும் மனம் செல்லாது வருந்தினார். 1861-இல் ஆன்னா என்னும் கல்வியிற் சிறந்த மாதரை மணந்தார். இத்துன்பங்களுக்கும் மாறுதல்களுக்கும் இடையே எழுதப்பெற்றதுதான் இசையொலிகளின் உணர்ச்சியைப் பற்றிய பெருநூல். அது 1863-இல் வெளிவந்தது.

ஒலிக்குள் ஒலி

அந்நூலிற் கூறிய உண்மைகளுள் முதலாவது இது: நாம் ஒரே சுரம் எனக் கேட்பது உண்மையிற் பல சுரங்களின் கூட்டமாகும். ஒரு தந்தியை மீட்டினால் அது முழுமையும் அதிர்வதோடு, இரண்டு பாதியாகவும், மூன்று கூறாகவும், நான்கு கூறாகவும் ஒருங்கே அதிர்கின்றது. முழுத்தந்தியின் அதிர்ச்சி விநாடிக்கு 100 எனின், அதனுடன் 200, 300, 400, 500 என்னும் அதிர்ச்சிகளும் எழுகின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கின்றோம். வயலினும் குழலும் ஒரே சுரத்தை இசைப்பினும் நாம் வேறு பிரித்து அறிவது, இம்மேற்சுரங்களின் வலிமை கருவிக்குக் கருவி வேறுபடுதலாலேயாம்.

இவ்வுண்மையை மெய்ப்பித்தற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் உள்ளீடற்ற கோளங்கள் பலவற்றைச் செய்வித்தார். ஒவ்வொரு கோளமும் ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் விடையளிக்கும். அதன் ஒரு துளையைச் செவியிற் பொருத்திக்கொண்டால், கலந்து வரும் ஒலியினின்று அச்சுரம் மட்டும் தனித்து முழங்கும். பிரித்துக் காட்டியதோடு அமையாது சேர்த்தும் காட்டினார். மின்சாரத்தால் அதிரும் இசைக்கவைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் ஒலியைக் கூட்டியும் குறைத்தும் மனிதக் குரலின் உயிரெழுத்து ஓசைகளைத் தோற்றுவித்தார். பெருஞ்செலவு பிடித்த இக்கருவிக்கு பவேரிய நாட்டு அரசர் மாக்ஸிமிலியன் பொருளுதவி புரிந்தார்.

செவி இவ்வாறு பிரித்தறிவது எங்ஙனம்? இதற்கு அவர் காட்டிய உவமை பியானோவே. மூடி திறந்த பியானோவின் வலப்புற மிதியை அழுத்தினால், தந்திகளின்மேற் கிடக்கும் கம்பளத் தடைகள் எழும்பித் தந்திகள் யாவும் கட்டின்றி நிற்கும். அப்பொழுது அதனுள் ஓர் உயிரெழுத்தை உரக்கப் பாடி நிறுத்தினால், பியானோ அவ்வோசையையே மெல்லத் திருப்பிக் கூறும். பாடிய குரலில் அடங்கிய சுரங்களுக்குரிய தந்திகள் மட்டும் அதிர்ந்து, ஏனையவை வாளா இருத்தலே இதற்குக் காரணம். நம் உட்செவியின் சவ்வும் இத்தகைய தந்திகளின் வரிசைபோல அமைந்து, ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய சுரத்துக்கே அதிர்கின்றது என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் பேகேஷி என்னும் ஹங்கேரிய அறிஞர் அச்சவ்வை நேரிற் கண்டு ஆராய்ந்து, அதன்மேல் ஓர் அலை ஓடுகின்றது என்றும், அவ்வலை சுரத்துக்குச் சுரம் வெவ்வேறிடத்தில் உச்சமெய்துகின்றது என்றும் காட்டி, 1961-இல் நோபெல் பரிசு பெற்றார். தனித்தனித் தந்தி என்னும் உவமை திருத்தம் பெற்றது. சுரத்துக்கு ஓரிடம் என்னும் அடிப்படை நிலைபெற்றது.

பியானோவின் சுருதி

இனி, வழக்கின் மூலத்துக்கு வருவோம். இரண்டு சுரங்கள் ஏறக்குறைய ஒத்திருந்து சிறிதே வேறுபடின், ஒலி பெருகியும் குறைந்தும் அலைவதைக் கேட்கலாம். இதற்கு விம்மல் என்று பெயர். 440 அதிர்ச்சியுடைய சுரமும் 442 உடைய சுரமும் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு விம்மல் தோன்றும். விம்மல்கள் விரைந்து பெருகும்பொழுது செவிக்குக் கரடுமுரடாகின்றது. விநாடிக்கு ஏறக்குறைய முப்பதுக்கு மேற்பட்டு வருங்கால் அக்கடுமை மிகுதி என்றார் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மேற்சுரங்களுக்கிடையே விம்மல் எழாதவாறு அமைந்த சுரங்களே இனிமையாய் இணைகின்றன. ச-வும் ப-வும் 2-க்கு 3 என்னும் வீதத்திலும், ச-வும் அந்தர காந்தாரமும் 4-க்கு 5 என்னும் வீதத்திலும் நிற்பின் விம்மல் ஒழிகின்றது. இவையே இயற்கைச் சுருதிகள்.

ஆனால் இயற்கை ஒரு சிக்கலை வைத்திருக்கின்றது. ஒரு சுரத்திலிருந்து தொடங்கித் தூய பஞ்சமங்களாகப் பன்னிரண்டு படி ஏறினால், ஏழு ஸ்தாயிகளுக்கு அப்பால் அதே சுரத்துக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்வதோ அதனினும் சிறிது மிகையான சுரம். 1000-க்கு 1014 என்னும் அளவு ஏறக்குறைய மிஞ்சுகின்றது. குரலுக்கும் வயலினுக்கும் இது தடையன்று; வேண்டியவாறு நெகிழ்ந்து கொடுக்கும். பியானோவுக்கோ ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகளே. ஒருமுறை முறுக்கிய தந்தி வாசிக்கும்பொழுது மாறாது. ஆதலின் மிகையைப் பன்னிரண்டாகப் பகுத்துப் பஞ்சமந்தோறும் சிறிது குறைத்து, எல்லாச் சுரங்களையும் சம இடைவெளியில் நிறுத்தும் முறை வழக்கில் வந்தது. இதனால் எந்தக் கட்டையை ஆதாரமாகக் கொண்டும் வாசிக்கலாம். ஆனால் ஸ்தாயி ஒழிந்த எந்த இணையும் முற்றிலும் தூயதாய் இராது.

சுருதி கூட்டுவோரின் திறம் இங்கேதான் விளங்குகின்றது. விநாடிக்கு 220 அதிர்ச்சியுடைய சுரத்துக்குத் தூய பஞ்சமம் 330. சம முறையில் அது 329.63. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை எவ்வாறு அளப்பது? முதலில் விம்மல் முற்றும் அடங்குமாறு தந்தியை முறுக்குவர். பின்னர் நான்கு விநாடிக்கு மூன்று விம்மல் கேட்குமளவு தளர்த்துவர். அந்தர காந்தாரமோ தூய்மையில் 275. சம முறையில் 277.18, விநாடிக்கு ஏறக்குறைய ஒன்பது விம்மல். ஆகவே நல்ல முறையிற் சுருதி கூட்டிய பியானோ என்பது, தவறுகளை அளவறிந்து பங்கிட்டுக் கொடுத்த பியானோ ஆகும். விம்மலை எண்ணும் கலையைச் சீர்ப்படுத்தியவருள் ஷைப்ளர் என்னும் ஜெர்மானியப் பட்டு வணிகர் ஒருவர். அவர் 1834-இல் ஸ்டட்கார்ட் நகரிற் கூடிய அறிஞர் அவையில் 440 என்னும் அளவைச் சுருதிக்குப் பொதுவாக முன்மொழிந்தார். பிரெஞ்சு அரசாங்கத்தார் 1859-இல் 435 என விதித்தனர். 1939-இல் லண்டனிற் கூடிய சர்வதேச மகாநாடு 440-ஐ ஏற்றது.

தேர்ந்த இசைவாணர் 1000-க்கும் 1001-க்கும் உள்ள வேற்றுமையை அறியவல்லவர் என வேபர் என்னும் அறிஞர் கண்டிருந்தார். பியானோவின் பஞ்சமத்திலுள்ள பிழை இவ்வெல்லையை ஒட்டியே நிற்கின்றது, அதனைப் பொறுக்கலாம். அந்தர காந்தாரத்தின் பிழையோ 1000-க்கு 8; எல்லையினும் எட்டு மடங்கு. ஆயிரத்தில் ஒன்றை அறியும் செவி ஆயிரத்தில் எட்டை நாள்தோறும் கேட்டும் முகஞ் சுளியாதிருப்பது ஏன்? இதுவே ஹெல்ம்ஹோல்ட்ஸின் உள்ளத்தைக் கவர்ந்த வினா.

கேட்டலும் கவனித்தலும்

அவர் விடை ஆழ்ந்த பொருளுடையது. பொறிகள் தரும் உணர்ச்சிகள் அனைத்தையும் மனம் ஏற்பதில்லை. புறப்பொருளை அறிதற்குப் பயன்படும் உணர்ச்சிகளை மட்டும் அது பற்றிக்கொண்டு, ஏனையவற்றைப் புறக்கணிக்கின்றது. மேற்சுரங்கள் பிறந்த நாள் முதல் நம் செவியில் ஒலித்துக்கொண்டேயிருப்பினும், ஒருவர் சுட்டிக் காட்டுமளவும் நாம் அவற்றை அறிவதில்லை. பியானோவின் விம்மல்களும் அத்தகையவே. சுருதி கூட்டுவோன் அவற்றைக் கேட்கின்றான். அவற்றைக் கேட்பதே அவன் தொழில். வாசிப்போனுக்கோ பாட்டின் மேற் கவனம். விம்மல் அவன் செவியில் விழுந்தும் மனத்தில் விழுவதில்லை. வயலின் வாசிப்போன் தன் தந்திகளைத் தானே நாள்தோறும் தூய பஞ்சமமாகச் சேர்க்கின்றான். ஒவ்வொரு சுரத்தையும் விரலால் தேடிப் பெறுகின்றான். பியானோ வாசிப்போனுக்குச் சுரம் ஆயத்தமாய்க் கிடைக்கின்றது. ஆதலின் அவன் செவி எவ்வளவு கூர்மையுடையதாயினும், சுருதியைத் தேடும் பயிற்சி அவனுக்கு வாய்ப்பது அரிது.

பழக்கத்தாற் செவி மழுங்குகின்றது என்பது மெய்யாயின், தூய சுருதியைக் கேட்டுப் பழகிய செவி திருந்துதல் வேண்டுமன்றோ? இதனைத் தம்மிடத்தேயே சோதித்தார். ஸ்டட்கார்ட் நகரத்து ஷீட்மாயர் தொழிலகத்தார் அவருக்காக இரண்டு கட்டை வரிசைகளும், ஒரு ஸ்தாயிக்கு 24 சுரங்களும் உடைய ஆர்மோனியம் ஒன்று செய்து கொடுத்தனர். தூய இணைகளை அதில் வாசித்தல் கூடும். அதனை வாசித்துவிட்டுத் தம் பியானோவுக்குத் திரும்பினால், அதன் சுரங்கள் யாவும் பொய்யாய்த் தோன்றித் தம்மை வருத்தின என எழுதினார். இளமை முதல் நேசித்த கருவியின் குறையைத் தம் செவிக்குத் தாமே கற்பித்துக்கொண்டார் என்பது இதன் பொருள். அறிவு சில வேளை இன்பத்தை விலையாகக் கேட்கின்றது. அவ்விலையை அவர் மறுக்காமற் கொடுத்தார்.

சிறந்த வயலின் வித்துவான் யோவாக்கிம் அவர்களைத் தம் ஆர்மோனியத்தின் அருகில் வாசிக்கச் செய்து, அவர் எடுத்த சுரங்கள் இயற்கைச் சுருதியோடு ஒத்தமை கண்டு மகிழ்ந்தார். 1864-இல் லண்டனுக்குச் சென்றபோது, எழுத்துமுறைச் சுரப்பாடத்தாற் பயின்ற பள்ளிச் சிறுவர் கருவித் துணையின்றித் தூய சுருதியிற் பாடக் கேட்டு வியந்தார். ஆகவே பாடகரைப் பியானோவின் துணைகொண்டு பயிற்றுதல் தீது. குரலுக்கு இயற்கைச் சுருதியே ஆசிரியனாதல் வேண்டும் என்று வாதித்தார். பியானோவில் ஒலி விரைவில் தேய்தலால் குறை ஓரளவு மறைகின்றது என்பதையும், ஒலி நீண்டு நிற்கும் ஆர்மோனியத்திலும் ஆர்கனிலும் அது மிகுந்து தோன்றும் என்பதையும் நடுநிலை வழுவாது எடுத்துரைத்தார்.

ஆதரவும் எதிர்ப்பும்

நூலை 1875-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்பார். இவர் ஒரு ஸ்தாயியை 1200 சிறு கூறுகளாக்கிச் சென்ட் என்னும் அளவையை வகுத்தார். அவ்வளவையால் பியானோவின் பஞ்சமம் 2 சென்ட் குறைவென்றும், அந்தர காந்தாரம் 14 சென்ட் மிகையென்றும் எளிதிற் கூறலாம். எல்லிஸுக்குத் தேர்ந்த இசைச்செவி வாய்க்கவில்லை. பிராட்வுட் பியானோத் தொழிலகத்தைச் சேர்ந்த ஹிப்கின்ஸ் என்பாரின் செவியைத் துணைக்கொண்டார். செவியும் கணக்கும் இருவரிடத்தே பிரிந்து கிடந்தும், நட்பினால் ஒன்றுபட்டுப் பயனளித்தன.

பியானோ செய்வோரும் ஹெல்ம்ஹோல்ட்ஸைப் பகைத்திலர். தியோடோர் ஸ்டெயின்வே அவருடைய ஒலியாராய்ச்சிகளைத் தம் தொழிலிற் பயன்படுத்தினார். ஸ்டெயின்வே பியானோ ஒன்று அவர் இல்லத்தையும் அலங்கரித்தது. குறை கண்டவரே குறையைக் குறைக்கவும் துணைபுரிந்தார்.

எதிர்ப்பு, செவியை ஆராய்ந்த பிறரிடமிருந்தே வந்தது. கோர்னு, மெர்காடியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1869 முதல் இசைவாணரின் சுரங்களை அளந்தனர். பல குரல் இணைந்து ஒலிக்குங்கால் இயற்கைச் சுருதியே தோன்றுகின்றது என்று அவர்கள் ஒப்பினர். தனித்த பாட்டிலோ இசைவாணர் அந்தர காந்தாரத்தை இயற்கை அளவினும் உயர்த்தியே எடுக்கின்றனர் என்று கண்டனர். 1871-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெர்லின் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியராகியிருந்தார். அதே பல்கலைக்கழகத்துக்குப் பின்னர் வந்து சேர்ந்த இளைய ஆசிரியர் மாக்ஸ் பிளாங்க். பிற்காலத்தில் குவாண்டம் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற அப்பிளாங்க், பியானோவிலும் வல்லவர், செவிக்கூர்மை மிக்கவர். இயற்கைச் சுருதி அமைந்த பெரிய ஆர்மோனியம் ஒன்று பெர்லினில் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதனை ஆவலோடு ஆராய்ந்த அவர், 1893-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இயற்கைச் சுருதியினும் சம சுருதியே தம் செவிக்கு இனிக்கின்றது என்றும், தூய அந்தர காந்தாரம் உணர்ச்சியற்று மெலிந்து தோன்றுகின்றது என்றும் கண்டார். தலைமுறை தலைமுறையாய் வந்த பழக்கமே அதற்குக் காரணம் எனக் கருதினார்.

ஒரே ஊரில், ஒரே துறையில், ஒரே பியானோக் காதல் கொண்ட இருவர் ஒரே ஐயத்துக்கு மாறுபட்ட விடை கண்டனர். எவர் செவி பிழைத்தது? இருவர் செவியும் பிழைக்கவில்லை என்பதே எம் கருத்து. விம்மல் உண்டு என்பது பௌதிகம். அதை எவரும் மறுத்தல் இயலாது. அவ்விம்மலை வெறுப்பதும் விரும்புவதும் பழக்கத்தின்பாற்பட்டவை. இதனை ஹெல்ம்ஹோல்ட்ஸே தம் நூலில் ஒருவாறு ஒப்பியிருக்கின்றார். சுரவரிசைகளை அமைக்கும் முறை மாறாத இயற்கை விதிகளால் மட்டும் எழுவதன்று. காலந்தோறும் மாறும் கலையுணர்வும் அதனை ஆக்குகின்றது என்பது அவர் கோட்பாடு. தம் விருப்பத்துக்கு மாறான முடிவுக்கும் இடம் வைத்து எழுதுதல் பெரியோர்க்கே இயல்வது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பியானோவின் எஃகுத் தந்திகள் விறைப்புடையன. ஆதலால் அவற்றின் மேற்சுரங்கள் கணக்கிற் கூறும் அளவினும் சிறிது உயர்ந்தே எழுகின்றன. இதனை உணர்ந்து சுருதி கூட்டுவோர் மேல் ஸ்தாயிகளைச் சிறிது ஏற்றியும், கீழ் ஸ்தாயிகளைச் சிறிது இறக்கியும் அமைக்கின்றனர். 1938-இல் ரெயில்ஸ்பேக் என்பார் இதனை அளந்து காட்டினார். ஏட்டுக் கணக்கு ஒரு பக்கம் நிற்க, சுருதி கூட்டுவோரின் செவி தன் வழியே சென்று உண்மையை எட்டியிருந்தது. கைத்தொழிலாளரின் அறிவை இகழ்தல் கூடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இறுதிக் காலம்

1888-இல் ஜெர்மானிய அரசாங்கத்தார் சார்லோட்டன்பர்க்கில் நிறுவிய பௌதிக, தொழில்நுட்ப நிலையத்துக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் தலைவரானார். புகழ் வளர்ந்தது, துயரமும் உடன் வந்தது. பௌதிகத்தில் நன்கு முன்னேறிய மகன் ராபர்ட் 1889-இல் இளமையிலேயே மறைந்தார். தம் மாணவருள் மணியாய்த் திகழ்ந்து, மின்சார அலைகளைக் கண்டறிந்த ஹெர்ட்ஸ் 1894-ஆம் ஆண்டின் முதல் நாளிற் காலமானார். அம்மாணவரின் இறுதி நூலுக்கு முதிய ஆசிரியரே முன்னுரை எழுத நேர்ந்தது. 1893-இல் சிக்காகோ நகரத்து மின்சார மகாநாட்டுக்குச் சென்று திரும்புகையில் கப்பற்படியில் வீழ்ந்து காயமுற்றார். மறு ஆண்டு ஜூலையில் வாதநோய் தாக்கிற்று. 1894 செப்டம்பர் 8-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். பெர்லின் பல்கலைக்கழகத்தின் முன்னே 1899-இல் அவருக்குச் சிலை எடுக்கப்பெற்றது.

அவர் நூல் நம் நாட்டிலும் ஒரு பெருவிளக்கை ஏற்றியது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற ஸர் சி. வி. ராமன், தம் வாழ்வை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பிட்டிருக்கின்றார். வயலின் தந்தியையும், பியானோச் சுத்தியல் தந்தியைத் தாக்கும் வகையையும், மிருதங்கத்தின் இனிய மேற்சுரங்களையும் ராமன் ஆராய்ந்தமைக்கு அந்நூலே ஊற்றுக்கண் எனலாம். 1930-இல் நோபெல் பரிசு பெற்றது ஒளியாராய்ச்சிக்காக எனினும், அவர் ஆராய்ச்சி வாழ்வின் முற்பகுதியில் ஒலிக்கே பெரும்பங்கு உண்டு.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரும்பிய இயற்கைச் சுருதிப் பியானோ உலகில் இடம் பெறவில்லை. பன்னிரண்டு கட்டைகளும் அவற்றின் பங்கிடப்பட்ட பிழைகளும் இன்றும் அவ்வாறே உள்ளன. எனினும் அவர் தோற்றார் என்று கூற எமக்கு மனம் வரவில்லை. நாம் கேட்பது யாது, கேளாமல் விடுவது யாது என்னும் வேற்றுமையை முதன்முதல் அளந்து காட்டியவர் அவர். மாணவ அன்பர்களே, எங்கேனும் ஒரு பியானோவின் அருகிருக்கும் வாய்ப்பு நேரின், வாசிக்கத் தெரியாதென்று அகலாதீர்கள். வலப்புற மிதியை அழுத்தி, ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். அது திருப்பிக் கூறும் விடையைச் செவி சாய்த்துக் கேளுங்கள். பின்னர் ச-வையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து அழுத்தி, மங்கிச் செல்லும் ஒலிக்குள் நடுங்கும் விம்மலைத் தேடுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் அது பின்னர் என்றும் செவியை விட்டு அகலாது.